ஆளில்லா வண்டிக்குப் பொட்டு வைத்த புஷ்பா

புஷ்பா தன் வாழ்நாளில் சொன்ன நன்றிகளை ஒன்றோடொன்று முடிந்து கயிறாக்கினால், எங்கள் பாலத்தடித் தோட்டத்து முச்சந்தியில் ஒரு முனையைக் கட்டி, ஈஜோக் வழியாகக் கோலசிலாங்கூருக்கு இழுத்து, செகிஞ்சான் வயல்களைத் தாண்டிக் கடலுக்குள் இறக்கி, எதிர்க்கரைச் சுமத்ராவில் ஒரு தென்னையில் மறுமுனையைக் கட்டிவிடலாம். கூட்டிச் சொல்கிறேன் என்று தோன்றினால் சுமத்ராவை விட்டுவிடுங்கள். கடல் வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

அவளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிறந்தது இதே தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். பால்மரம் என்கிற ரப்பர் மரம் இருந்தவரை பட்டை சீவிப் பால் எடுத்தாள். அதை அழித்துச் செம்பனை நட்டபோது குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினாள். முதுகு மறுத்ததும் ஈஜோக் பக்கம் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் நின்றபடியே வேலை செய்தாள். நடந்து ஒரு வேலை, குனிந்து ஒரு வேலை, நின்று ஒரு வேலை என்று மூன்றையும் முடித்தவளுக்கு, கடைசியில் உட்கார்ந்தே இருக்கும் வேலை கிடைத்தது. சர்க்கரை நோய் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. சக்கர நாற்காலி வந்தது. அதற்கு இன்னும் எண்ணெய்கூடப் போடவில்லை, சிறுநீரகங்களும் ஓய்வு கேட்டுவிட்டன.

கணவனைப் பற்றிக் கேட்காதீர்கள், அவளே கேட்பதில்லை. மகள் துளசி ஜொகூரில் இருக்கிறாள். போனில் மிகவும் அன்பானவள். போன் வழியாக ஒருவரைத் தூக்கி வண்டியில் வைக்க முடியாதது அவள் குற்றமில்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள் புஷ்பா கோலசிலாங்கூர் போய் ரத்தம் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்தில் டயாலிசிஸை அப்படித்தான் சொல்வோம். அரைநாள் இயந்திரத்தோடு படுத்துவிட்டு வெளியே வரும்போது, பிழிந்து கொடியில் போட மறந்த துணி மாதிரி இருப்பாள். பஸ் உண்டு. ஆனால் அது தோட்டத்துக்குள் வராது. பெரிய சாலையோடு போய்விடும். அதன் படிகளோ மலைக்கோவில் படிகள். ஆக, அவளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவன் வீரன்.

வீரன் பக்கத்து வரிசை வீடு. தொழிற்சாலைப் பஸ் ஓட்டி ஓய்ந்தவன். அவனிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. அதன் ஹாரனை இங்கே அழுத்தினால் ஜெராமில் மீன் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சில வருடங்களாகப் புஷ்பாவைத் தூக்கி ஏற்றி, நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டு, இறக்கி, காத்திருந்து, திரும்பக் கொண்டுவருகிறான். வேனுக்கு எண்ணெய்க்காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவான். அங்கேதான் சிக்கல். காசு வாங்குகிறவனோடு அன்றைய விவகாரம் அன்றைக்கே தீர்ந்துவிடும். வாங்காதவனோடு எப்போது தீரும்?

திரும்பி வரும் வழியில் முச்சந்தி டீக்கடையான ஒட்டுக்கடை முன் வேனை நிறுத்துவான். புஷ்பா உள்ளே சாய்ந்துகிடப்பாள். கண்ணாடி இறக்கியிருக்கும்.

"என்னா வீரன், ஆளு வாடிப் போயிருக்க?" என்பார் கடைக்காரர்.

"என்னா பண்றது லா. புஷ்பாக்காவத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. நம்மள விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

உடனே வேனுக்குள்ளிருந்து பதில் வரவேண்டும். வரும். "ஆமா தம்பி. உன்னாலதான் நான் உசுரோட இருக்கேன்."

கல்யாண வீட்டில் இதே பேச்சு. கோவில் திருவிழாவில் இதே பேச்சு. ஒருமுறை எழவு வீட்டில், பிணத்தை எடுப்பதற்கு முன்பு, செத்தவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டுப் புஷ்பாவின் எடையைப் பற்றிப் பேசினார்கள். வீரன் கெட்டவனில்லை. மழையிலும் வருவான், தீபாவளியன்றும் வருவான். அதுதான் அவளுக்குப் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆறியிருப்பாள்.

"அக்கா, கால் போனதுகூடப் பழகிப்போச்சு," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "இந்த வாய்தான் ஓய்ஞ்சு போச்சு. காலையில எழுந்திரிச்சா, இன்னைக்கு எத்தன பேருக்கு நன்றி சொல்லணுமோன்னு இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் ஆளில்லா வண்டி வந்தது.

அதைக் கொண்டுவந்த நிறுவனத்தின் சார்பில் ஷர்மினி என்று ஒரு பெண் வந்தாள். ரவாங்கில் வளர்ந்தவள், பாட்டி காலத்தில் தோட்டத்துக் குடும்பம். கோவில் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து விளக்கினாள். சின்ன வேன். ஓட்டுநர் கிடையாது. பெஸ்தாரி ஜெயாவுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே தானாகவே போய்வரும். சோதனை ஓட்டம். வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் ஏறத்தான் முக்கியமாக விடுகிறார்கள். அதனால் எங்கள் முச்சந்திக்கும் திரும்பி வரும். சக்கர நாற்காலியைப் பார்த்தால் சாய்பலகையை அதுவே இறக்கிவிடும்.

"ஆளே இல்லாமயா?" என்று கேட்டாள் காளியம்மா. கோவில் காரியங்களை முன்னின்று நடத்துகிறவள். எங்கள் முனியாண்டி சாமியே அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சுருட்டைப் பற்றவைக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்பது இங்கே தேவையில்லை.

"ஆமா ஆன்ட்டி. சுத்தி கேமரா, சென்சார் எல்லாம் இருக்கு. அதுவே பார்த்து ஓடும்."

"அதுவேன்னா எது?"

"கம்ப்யூட்டர், ஆன்ட்டி."

"நீ கம்ப்யூட்டர்னு சொல்ற. நாங்க முனின்னு சொல்றோம். விடிய விடியத் தோட்டத்தச் சுத்தி வர்றவருக்கு ஒரு வேன் ஓட்டத் தெரியாதா?"

அன்றிலிருந்து அது முனி வண்டி. எங்கள் கிழவர்களுக்கு அதை எப்படி நடத்துவது என்று புரியப் பல நாளானது. எங்கே வேண்டுமானாலும் நின்று கையைக் காட்டிப் பழகியவர்கள். கை நீட்டினால் முனி வண்டி நிற்கும், யாரோ குறுக்கே வருகிறார்கள் என்று பயந்து. நிறுத்தம் இல்லாத இடமாதலால் கதவைத் திறக்காது. அது இவர் விலகட்டும் என்று நிற்க, இவர் அது திறக்கட்டும் என்று நிற்க, ஒருநாள் உடையப்பன் தாத்தாவும் வண்டியும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றதில் நடுவே காளான் முளைத்ததாகக் கேள்வி. பிறகு அவரே குளுகுளு காற்றுக்காக ஏறி உட்கார்ந்து, இறங்கச் சொல்ல யாரும் இல்லாததால், பொழுது சாயும்வரை போய்ப்போய் வந்தார்.

புஷ்பா முதல்முறை ஏறிய நாளை நான் பார்த்தேன். கதவு திறந்தது. பலகை இறங்கியது. நாற்காலியை உருட்டி ஏறினாள், தானே பெல்ட் பட்டையை மாட்டினாள். வண்டி மலாயில் காலை வணக்கம் சொன்னது. அவள் பதில் சொல்லவில்லை. கோலசிலாங்கூர் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். யாருக்கும் எதற்கும் தலையாட்டவில்லையாம்.

"எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஊமையா இருக்கிறது எவ்வளவு சுகம் அக்கா," என்றாள்.

வீரனுக்கு அது பிடிக்கவில்லை. மறுமுறை வழக்கம்போல் வாசலில் வந்து ஹாரன் அடித்தான்.

"என்னாக்கா, கேக்கலையா?"

"ஜெராம் வரைக்கும் கேட்டுச்சு வீரா. நான் அந்த வண்டியில போறேன். நீ கொஞ்சம் ஓய்வா இரு."

"நான் ஒங்ககிட்ட ஓய்வு கேட்டனா?"

அவ்வளவுதான். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதன்பின் ஒட்டுக்கடையில் அவன் பேச்சே குறைந்துவிட்டது. பேச அவனுக்கு வேறு விஷயம் இருக்கவில்லை.

அந்த வண்டியிலும் எல்லாம் சரியாக இருந்ததாகச் சொன்னால் அது என் பொய்களில் ஒன்றாகிவிடும். வீட்டு வாசலிலிருந்து முச்சந்தி வரை சரளைக்கல். ரத்தம் கழுவ ஊசி குத்துகிற கைக்கு அவள் பாரம் கொடுக்கக்கூடாது. ஒரு கையால் தள்ளினால் நாற்காலி வட்டமடிக்கும். கோலசிலாங்கூரில் இறங்கினால் சிகிச்சை நிலையத்துக்கு முன்னால் ஒரு சாக்கடை, ஒரு மேடு. போகிற வருகிற யாராவது தள்ளிவிட வேண்டும். அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்தான். ஆனால் முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லும் நன்றி அந்த இடத்திலேயே விழுந்துவிடும், வீடுவரை கூட வராது. திரும்பும்போதுதான் கஷ்டம். தலை சுற்றும், பட்டையை மாட்டக் கை நடுங்கும். ஒருநாள் கண் இருண்டு சாய்ந்துவிட்டாள். முச்சந்தியில் வண்டி நின்றது, கதவைத் திறந்தது, மூடியது, போய்விட்டது. பெஸ்தாரி ஜெயாவில் விழித்துப் பார்த்திருக்கிறாள். இதை என்னிடம் மட்டும் சொன்னாள். வீரன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து ஷர்மினி முகம் வாடி வந்தாள். தோட்டத்துக்குள் திரும்பி வருவதால் வண்டிக்கு நேரம் வீணாகிறது, பெரிய சாலையோடு நேரே விட்டால் போதும் என்று மேலே பேசுகிறார்களாம். இரண்டு அதிகாரிகள் வரப்போகிறார்கள். புஷ்பா இங்கே சிக்கலில்லாமல் ஏறுவதைப் பார்த்தால் முச்சந்தி நிறுத்தம் இருக்கும். இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள்.

"நீங்க எப்பவும் ஏறுற மாதிரி ஏறினா போதும் ஆன்ட்டி," என்றாள்.

புஷ்பா அன்று சாப்பிடவில்லை. நிறுத்தம் போனால் மறுபடி வீரன், மறுபடி ஒட்டுக்கடை. அதுவும் இப்போது விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வந்து கேட்க வேண்டும். பழைய நன்றிக்கு இந்தமுறை வட்டியும் சேரும்.

அவள் கலங்கியிருப்பதைப் பார்த்துக் காளியம்மா காரணத்தைக் கண்டுபிடித்தாள். "புது வண்டி. இன்னும் பூசை போடல. பூசை போடாத வண்டி எங்கயாவது வெளங்குமா?"

அது நியாயம்தான். எங்கள் பக்கத்தில் பழைய மோட்டார்சைக்கிளைக் கைமாற்றி வாங்கினாலும் கோவிலுக்குத் தள்ளிக்கொண்டுபோய், சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவருவோம். இத்தனை பெரிய வண்டி, அதுவும் முனி ஓட்டுவது, பூசையில்லாமல் ஓடியதை நினைத்து எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. ஷர்மினியிடம் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்ல காரியத்துக்கு யாராவது அனுமதி கேட்பார்களா? புஷ்பாவும் மறுக்கவில்லை. பயந்திருந்தாள். பயந்தவர்கள் எந்தக் கற்பூரத்தையும் வேண்டாம் என்பதில்லை.

அந்தக் காலையில் வண்டி நேரத்துக்கு வந்துவிட்டது. ஷர்மினியும் அதிகாரிகளும் வந்த கார், செம்பனைக்குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பூசாரி முருகையாவுக்கு அந்த இடைவெளி போதுமாக இருந்தது. உச்சியில் சுழன்றுகொண்டிருந்த சென்சார் உருளைக்கு மல்லிகை மாலை. முன்கண்ணாடியில் மூன்று விபூதிப் பட்டை. எட்டிய இடத்திலெல்லாம் ஆளாளுக்குச் சந்தனம். நான்கு சக்கரத்துக்கும் பழம்.

"புஷ்பா, நீதான ஏறப் போறவ. நீயும் ஒரு பொட்டு வையி," என்று காளியம்மா நாற்காலியை முன்னால் தள்ளினாள்.

உட்கார்ந்த நிலையில் புஷ்பாவுக்கு எட்டியது கீழே, முன்தகட்டில் பதிந்திருந்த ஒரு வட்டக் கறுப்புக் கண்ணாடி. நெற்றி மாதிரி நன்றாக இருந்தது. சந்தனத்தை அழுத்திவைத்து, அதன்மேல் குங்குமத்தை நிதானமாக வட்டமாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வேண்டிக்கொண்டது எனக்குக் கேட்டது. "என்னை இவங்க கையில திரும்ப விட்டுடாத."

தேங்காய் உடைந்தது. பழம் நசுங்கும் சத்தத்துக்காக எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

சத்தம் வரவில்லை. வண்டியின் மஞ்சள் விளக்குகள் மின்னின. தயவுசெய்து விலகி நில்லுங்கள் என்று மலாயில் ஒரு பெண்குரல் சொன்னது. விலகினோம். மறுபடி சொன்னது. மறுபடி விலகினோம். சாக்கடை ஓரம் வரை விலகியாயிற்று. இன்னும் விலகுவதென்றால் சாக்கடைக்குள்தான் இறங்க வேண்டும். பலகையும் இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை.

"முனிக்கு என்னமோ கொற இருக்கு," என்றாள் காளியம்மா.

"சுருட்டு வைக்கலையே," என்றார் முருகையா. அதையும் வைத்தோம்.

அப்போதுதான் கார் வந்தது. ஷர்மினி இறங்கி ஓடிவந்தாள். "ஐயோ! யாரு இதச் செஞ்சது?"

ஊரே கூடிச் செய்த காரியத்தை எங்கள் ஊரில் யாரும் செய்ததில்லை. எல்லோரும் செம்பனை மரங்களைப் பார்த்தார்கள்.

"மேல இருக்கிறது ஆளாளுக்கு வச்சது பாப்பா," என்றாள் புஷ்பா. "கீழ இருக்கிற பொட்டு நான் வச்சது."

ஷர்மினி மண்டியிட்டுத் துடைத்துப் பார்த்தாள். சந்தனம் இன்னும் பரவியது. துடைத்தாலும் பயனில்லையாம். கண் மறைந்தால் வண்டி தன்னைப் பூட்டிக்கொள்ளும். பணிமனையிலிருந்து ஆள் வந்துதான் திறக்க வேண்டும். "ஆன்ட்டி, வீல்சேர் வருதான்னு பார்க்கிற கண்ணு இதுதான்," என்றாள், அழாக்குறையாக.

புஷ்பா அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப் பாக்குற கண்ணையா நான் மூடுனேன்?"

அதிகாரிகளில் ஒருவர் மற்றவரிடம், நேர்ச்சாலையே போதும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் எங்களுக்கு மலாய் தெரியும்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. தாமதமானால் அவள் படுக்கும் இயந்திரத்தில் அடுத்தவரைப் படுக்கவைத்துவிடுவார்கள். ஒட்டுக்கடையருகே வேனில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான் வீரன். பூசைக்கு அவன் பக்கத்தில்கூட வரவில்லை. கேட்டாக வேண்டும். புஷ்பா நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள்.

"வீரா, கொஞ்சம் கொண்டுபோய் விடுறியா?"

"ஏன், முனி கூட்டிட்டுப் போகலையா?" என்றான். ஆனால் அதைச் சொல்லும்போதே கதவைத் திறந்துவிட்டிருந்தான். தூக்கி வைத்தான்.

"நன்றி தம்பி," என்றாள் புஷ்பா. அத்தனை வருடங்களில் அவள் சொன்னவற்றில் மிகக் கனமானது அதுதான். வேன் ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன்.

ஷர்மினியும் ஏறிக்கொண்டாள். நானும் ஏறிக்கொண்டேன். இதைத் தவறவிட்டால் எனக்குத் தூக்கம் வருமா? கோலசிலாங்கூரில் வீரன் மேடில்லாத பக்கமாக வேனை ஒட்டி நிறுத்தினான், சாக்கடைமேல் பலகை போட்டான், ஊசிக்கை இடிக்காமல் இறக்கினான், பையை மடியில் வைத்தான். ஷர்மினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேனை ஓரமாக விடப் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஸ்டாப்ப எடுத்துடுவாங்க போல ஆன்ட்டி. சாரி."

"எடுக்கக்கூடாது பாப்பா. எனக்கு அது வேணும்," என்றாள் புஷ்பா. "ஆனா வெறும் வண்டி பத்தாது. வீட்டுலேருந்து முச்சந்திக்கு யாரு தள்ளுவா? நான் மயங்கிச் சாஞ்சா யாரு எழுப்புவா? ஒருநாள் பெஸ்தாரி ஜெயா வரைக்கும் போயிட்டேன், தெரியுமா? அதுல ஒரு ஆள வையி."

"ஆளில்லாம ஓடணும்னுதானே ப்ராஜெக்டே, ஆன்ட்டி."

"ஓட்ட ஆளு வேணாம். என்னப் பாக்க ஆளு வேணும். சம்பளம் கொடுத்து வையி. சும்மா தூக்குறவங்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லி நான் களைச்சிட்டேன் பாப்பா. ரத்தம் கழுவுறது இவ்வளவு களைப்பு இல்ல."

"யார வைக்கிறது?" என்றாள் ஷர்மினி.

புஷ்பா வாசல் பக்கம் பார்த்தாள். வீரன் இடுப்பைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தான். "பழகுன இடுப்பு ஒன்னு இருக்கு," என்றாள்.

மேலே ஷர்மினி எப்படிப் பேசினாள், யாரிடம் முட்டினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதைவிட நன்றாகக் கதை கட்டியிருப்பேன். முச்சந்தி நிறுத்தம் தப்பியது, அதுவும் சோதனை முடியும்வரைதான். ரத்தம் கழுவும் நாட்களில் வண்டியில் ஓர் உதவியாளர் இருப்பார் என்றார்கள். முதலில் வீரன் மறுத்தான்.

"நான் சம்பளத்துக்காகவா செஞ்சேன் அக்கா?" என்று புஷ்பாவின் வாசலில் நின்று கத்தினான். கண்கூடக் கலங்கியிருந்தது.

"இல்ல வீரா. அதான் எனக்குத் தாங்கல," என்றாள் அவள். அவனுக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. அல்லது புரியாமலே ஒப்புக்கொண்டானோ என்னவோ, சட்டையில் பெயர் தைத்துத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டபின்.

முதல்நாள் அந்தச் சட்டையோடு வந்து வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போனான். பலகை இறங்கியது. ஏற்றினான், சக்கரத்தைப் பூட்டினான், பட்டையை மாட்டினான். மாட்டிவிட்டு அங்கேயே நின்றான். புஷ்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னாக்கா, ஒன்னும் சொல்லல?"

"பட்டை இறுக்குது," என்றாள் கண் திறக்காமல். "அத்தன வருஷமும் வேன்ல இப்படித்தான் இறுக்குன. கொஞ்சம் தளர்த்து."

வீரன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து தளர்த்தினான். வண்டி கிளம்பியது. ஈஜோக் வருவதற்குள் அவள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.